மூன்றாம் ஓலைக்கு முன்

ஜெரோம்,

அன்புள்ள என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இப்போது எனக்கு முந்திக்கொண்டு வருவது கோபம்தான். அதை ஒளித்து வைத்துக்கொண்டு அன்புள்ள என்று எழுத எனக்கு வரவில்லை. போனில் பேசினால் நீ மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய், நான் கத்துவேன், உன் அம்மா வந்து போனைப் பிடுங்குவாள். அதனால்தான் எழுதுகிறேன். தபாலுக்குக் காத்திருக்க நேரமில்லை என்பதால் உன் தங்கை லில்லி இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். ஆகவே அவளும் படிக்கிறாள், உன் அம்மாவும் படிக்கிறாள். உன் மாமனாராகப் போகிறவருக்குக் காட்ட வேண்டுமென்றாலும் தாராளமாகக் காட்டு. நம் வீட்டில் மறைக்க ஒன்றும் கிடையாது, சென்ற ஞாயிற்றுக்கிழமை வரை கிடையாது.

அந்த ஞாயிறு நடந்ததைக் கேள். பூசையில் உன் கல்யாண ஓலையை இரண்டாம் முறை வாசித்தார்கள். மேல்பட்டாம்பாக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டு, நெய்வேலி நகரியத்தில் வசிக்கும் இன்னாரின் மகன் ஜெரோம் என்று சாமியார் வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லவும் என்று வழக்கம்போல முடித்தார். என்ன தடை இருக்கப் போகிறது என்று நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்து வெளியே வந்தால், மண்டபம் பார்க்க வடலூரிலிருந்து வந்திருந்த உன் மாமனார், வேப்பமரத்தடியில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போனைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சம்பந்தி. மாப்ள ரத்தத்துல ஒண்ணுமே இல்லீங்க. பேப்பரே வந்துடுச்சி. இனிமே எனக்கு நிம்மதியாத் தூக்கம் வரும்."

என்ன பேப்பர் என்று வாங்கிப் பார்த்தேன். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற அதே டெஸ்டின் பெயர் மேலே இருந்தது. என்னுடைய ரிப்போர்ட் எப்படி இவர் கைக்குப் போனது என்றுதான் முதலில் நினைத்தேன். பெயரைப் பார்த்தேன், வயதைப் பார்த்தேன். உன்னுடையது. கீழே கொட்டை எழுத்தில் 'நாட் டிடெக்டெட்'. சுற்றி நின்றவர்களில் நம் பிளாக்கில் இருப்பவர்கள் இருந்தார்கள், என் ஷிஃப்ட்டில் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்ன பார்வை தெரியுமா? ஏதோ என்னிடமிருந்து நீ தப்பித்துவிட்டாய் என்பது போல. நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மண்டபத்துக்கு நேரமாகிறது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அந்த இடத்தில் வாய் திறந்திருந்தால் கோவில் வாசல் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னதில் ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "அப்பா, ஒரு ஊசிதானப்பா. நெகட்டிவ்னு காட்டிட்டா அவங்க வாய அடைச்சிடலாம்னு எடுத்தேன். அது பரம்பரையா வராதுன்னு எனக்குத் தெரியாதா?" தெரியாமல் செய்திருந்தால் விட்டிருப்பேன்டா. படித்தவனுக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நீ தெரிந்தே செய்திருக்கிறாய். பொய் என்று தெரிந்தே ஒரு சந்தேகத்துக்குக் கையை நீட்டி ரத்தம் கொடுத்திருக்கிறாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உனக்கு எப்படித் தெரியும் என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் டாக்டரின் அறையில் நீ என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு வழக்கமாக எடுக்கிற மெடிக்கல் செக்கப்பில்தான் எனக்கு வெள்ளை அணு கன்னாபின்னாவென்று ஏறியிருப்பது தெரிந்தது. இடது விலாவுக்குக் கீழே கல் வைத்தாற்போல ஒரு கனம், எப்போது பார்த்தாலும் ஓர் அசதி. வேலை அலுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சென்னைக்கு அனுப்பினார்கள். நீ அப்போதுதான் அங்கே வேலையில் சேர்ந்திருந்தாய், லீவு போட்டுவிட்டு வந்தாய். ரத்தப் புற்றுநோய் என்று அந்த டாக்டரம்மா சொன்னதும் உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆனால் இந்த வகைக்கு மாத்திரை இருக்கிறது, தினமும் ஒழுங்காகப் போட்டால் பேரன் பேத்தி எடுக்கலாம் என்றார் அவர். பிறகு ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். நம் உடம்பில் மரபு எழுதியிருக்கிற இழைகளில் ஒன்பதாம் இழையும் இருபத்திரண்டாம் இழையும் எங்கோ அறுந்து, ஒன்றின் துண்டு மற்றொன்றில் மாறி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்த ஒட்டு வந்த இடம்தான் வெள்ளை அணுவை நிறுத்தாமல் பெருகச் சொல்கிறது என்றார்.

எனக்கு டக்கென்று புரிந்துவிட்டது. ஆயுள் முழுக்க கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் இருந்தவன் நான். அறுந்த பெல்ட்டை வெட்டி, சூடு வைத்து ஒட்டி ஜாயிண்ட் போடுவதுதான் என் பிழைப்பு. மேல்மண் போகிற பெல்ட்டின் துண்டைக் கரி போகிற பெல்ட்டில் ஒட்டிவிட்டால் எப்படியோ அப்படி என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். அதேதான், ஜாயிண்ட் மாறிப் போச்சு என்றார். அதன்பிறகு அவரும் அதை ஜாயிண்ட் என்றே என்னிடம் சொல்ல ஆரம்பித்தார்.

அப்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். எனக்கும் தங்கச்சிக்கும் இது வருமா மேடம் என்று. கேட்டதில் தப்பில்லை, நானே கேட்க நினைத்துக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். ஜீன் என்ற வார்த்தையைக் கேட்டாலே எல்லாரும் பரம்பரை என்று நினைக்கிறார்கள், இது பிறவியில் வந்ததில்லை, பிள்ளைகளுக்குப் போகிறதும் இல்லை, உங்கள் அப்பாவின் எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஓர் அணுவில் அவர் வளர்ந்து பெரியவரான பிறகு நேர்ந்தது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நீ விடவில்லை. எதற்கும் ஒரு தடவை எனக்கும் பார்த்துவிடுங்களேன் என்றாய். அவர் முகம் மாறியது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வேணாம் தம்பி. இந்த மெஷின் ரொம்ப நுணுக்கமானது. நல்லா இருக்கிற ஆளுங்க ரத்தத்தைத் தேடு தேடுன்னு தேடினா, சிலருக்கு அங்கொண்ணு இங்கொண்ணு இந்த ஜாயிண்ட் தென்படும். அது வரும், தானாப் போயிடும். அது நோய் இல்ல. ஆனா பேப்பர்ல ஏறிட்டா உங்க வீட்ல யாரு தூங்குவீங்க?"

நீ தலையாட்டினாய். நான் பார்த்தேன். அந்தத் தலையாட்டலை எங்கே தொலைத்தாய்? டாக்டர் வேண்டாம் என்று சொன்ன டெஸ்டை, எவனோ ஒருவனின் லேபில் காசைக் கட்டி எடுத்திருக்கிறாய். காசு கொடுத்தால் எதற்கு எடுக்கிறாய் என்று அவர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்? நல்லவேளை உன் ரத்தத்தில் ஒன்றும் தென்படவில்லை. ஜாயிண்ட் இருப்பதைக் காட்டுகிற ஒரு பொட்டு வெளிச்சம் அந்த மெஷினில் வந்திருந்தால் உன் மாமனார் அன்றைக்கு வேப்பமரத்தடியில் என்ன காட்டியிருப்பார்? கல்யாணம் நின்றிருக்கும், நீ வாழ்க்கை முழுக்க இல்லாத நோய்க்கு வைத்தியம் தேடிக்கொண்டு திரிந்திருப்பாய்.

அந்த டெஸ்ட் எதற்கு இருக்கிறது என்பதாவது நினைவிருக்கிறதா? அது என் காவல்காரன்டா. என் ரத்தத்தின் வெள்ளை அணுக்களிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற சரக்கைப் பிரித்து, அதை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, மெஷினில் வைத்து ஒன்றை இரண்டாக, இரண்டை நாலாகப் பெருக்கிக்கொண்டே போவார்கள். தப்பு ஜாயிண்ட் இருந்தால் வெளிச்சம் வரும். சீக்கிரம் வந்தால் நிறைய இருக்கிறது, வெகுநேரம் கழித்து வந்தால் கொஞ்சம்தான் இருக்கிறது. கூடவே எல்லா மனிதருக்கும் இருக்கிற வேறொரு ஜீனையும் அளந்து, அதோடு ஒப்பிட்டு இத்தனை சதவீதம் என்று எழுதுவார்கள். மாத்திரை வேலை செய்தால் அந்த எண் இறங்கிக்கொண்டே வர வேண்டும். எனக்கு இறங்கியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உனக்குத்தான் முதலில் போன் போடுவேன். நீ பரீட்சையில் மார்க் வாங்கியபோது நான் சந்தோஷப்பட்டேன், என் எண் இறங்கியபோது நீ சந்தோஷப்பட்டாய். எண் திரும்ப ஏறினால் மாத்திரையை மாற்றுவார்கள். ஒரு மனிதனை உயிரோடு வைத்திருக்கிற டெஸ்ட் அது. அதைக் கொண்டுபோய் மாப்பிள்ளைக்கு நற்சான்றிதழ் வாங்கப் பயன்படுத்தியிருக்கிறாய்.

நம் குடும்பத்தில் ஜாதகம் பார்ப்பதில்லை. எனக்கும் உன் அம்மாவுக்கும் யாரும் பொருத்தம் பார்க்கவில்லை, மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள், தடை சொல்ல யாரும் வரவில்லை, தாலி கட்டினேன். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் செவ்வாய் தோஷம் என்று பெண்ணை வீட்டோடு வைத்துக்கொண்டு அழும்போது, நல்லவேளை நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்று நான் வாய் நிறையச் சொல்லியிருக்கிறேன். இப்போது நீ லேபில் போய் ஜாதகம் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். அதிலும் தோஷம் யாருக்கு? உன்னைப் பெற்றவனுக்கு. உன் மாமனாருக்கு சர்க்கரை. அவர் அப்பாவுக்கு சர்க்கரை, அண்ணனுக்கு சர்க்கரை. பெண் பார்க்கப் போன அன்று காலில் கட்டுப் போட்டுக்கொண்டுதான் நம்மை வரவேற்றார். அது பரம்பரையாக வரும் என்று ஹார்டுவேர் கடையில் அவரிடம் ஆணி வாங்குகிறவனுக்குக்கூடத் தெரியும். நான் அவர் மகள் பிரின்சிக்கு ஒரு பேப்பர் கேட்டேனா? கேட்டால் எனக்கு நாக்கு அழுகிவிடாதா? மனிதனுக்கு நோய் வரும். வந்தால் பார்த்துக்கொள்வோம் என்றுதானே ஒரு வீட்டோடு ஒரு வீடு சேர்கிறது?

நீ இப்படி இருந்தவன் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் வெறும் திட்டாகப் போய்விடும். முதல் வருடம் எனக்கு உடம்பு தள்ளாடியபோது, ஒவ்வொரு தடவையும் சென்னைக்குப் போக முடியாமல் இங்கேயே ரத்தம் எடுத்து அனுப்பினோம். ஒருமுறை பார்சலில் போட்டது எங்கோ கிடந்து தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும், எல்லாருக்கும் இருக்க வேண்டிய அந்த ஜீனே சரியாகத் தெரியவில்லை, இதை வைத்து இருக்கிறது இல்லை என்று சொல்ல முடியாது என்று அந்த ஆஸ்பத்திரி லேபில் திருப்பிவிட்டார்கள். அடுத்த தடவை நீ லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தாய். தடுப்பூசி எடுத்துப் போகிற மாதிரி ஒரு சின்ன ஐஸ் பெட்டி வாங்கினாய். ரத்தக் குழாயில் ஐஸ் நேரடியாகப் படக்கூடாது என்று உன் அம்மாவின் பழைய புடவைத் துணியைச் சுற்றினாய். நானும் உன்னோடு வடலூர் வரை வந்து பஸ் ஏற்றிவிட்டேன். உட்கார இடம் கிடைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாய். மேலே வை என்று கண்டக்டர் சொன்னதற்கு நீ மாட்டேன் என்றாய்.

"பொட்டியில இன்னா தம்பி, மீனா? நாத்தம் அடிச்சா எறக்கி வுட்ருவேன்."

"மீன் இல்லண்ணே. எங்க அப்பா ரத்தம்."

சத்தமாகச் சொன்னாய். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அப்பாவுக்கு இன்னா என்று அந்தக் கண்டக்டர் கேட்க, ரத்தப் புற்றுநோய்ண்ணே, மாத்திரை போட்டுகினு நல்லா இருக்காரு என்று நீ வெளியே என்னைக் கை காட்டினாய். அந்தக் கண்டக்டர் டிரைவரிடம் போய் ஏதோ சொன்னார், நடுவில் டீக்கு நிறுத்தாமல் பஸ்ஸை விரட்டிக்கொண்டு போனார்கள் என்று பிறகு நீதான் சொல்லிச் சிரித்தாய். அன்றைக்கு வடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது எனக்கு இருந்த பெருமையை உன் கல்யாணம் கொடுக்குமா என்று தெரியவில்லை. என் ரத்தத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊருக்கே சொன்ன பிள்ளை, இன்றைக்கு உன் ரத்தத்தில் நான் இல்லை என்று பேப்பர் வாங்கிக் காட்டுகிறாய்.

ஒரு ஊசிதானே என்கிறாய். உனக்கு ஏழுமலையைத் தெரியும். காடாம்புலியூரிலிருந்து சைக்கிளில் வருவார், எங்கள் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட்டில் வேலை பார்த்தார், சீசனில் உனக்குப் பலாச்சுளை கொண்டுவந்து கொடுப்பார். ஒருமுறை கேபிள் துண்டு ஏதோ காணாமல் போய்விட்டது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஒருவன், கான்ட்ராக்ட் ஆட்களில்தான் எவனோ என்று சாடை பேசினான். யாரும் யாரையும் சோதனை போடவில்லை. ஏழுமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் திருடலை பாரு என்று தானாகப் போய் சோற்று டப்பாவைத் திறந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். உள்ளே பழைய சோறும் கருவாடும்தான். சூப்பர்வைசர் சரி போ என்றான். மறுநாள் காலை கேட்டில் பார்த்தால், கான்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேரும் சோற்று டப்பாவைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. நேற்று ஏழுமலை காட்டினானே, உனக்கு மட்டும் என்ன என்று கேட்டார்கள். பெர்மனென்ட்டாக இருந்த நாங்கள் கேரியரை ஆட்டிக்கொண்டு போனோம், அவர்கள் வரிசையில் நின்று மூடியைத் திறந்தார்கள். இன்னாத்துக்குடா தெறந்து காட்டுன என்று கூட வேலை செய்தவர்கள் கேட்டபோது ஏழுமலை அழுதுவிட்டார். அவருக்காவது கோபத்தில் புத்தி போயிற்று. நீ நிதானமாக யோசித்துத் திறந்திருக்கிறாய்.

வரிசையில் உனக்கு அடுத்து நிற்பது யார் தெரியுமா? லில்லி. அதற்குத்தான் இந்தக் கடிதம். மற்றதையெல்லாம் நான் கல்யாணம் முடிந்த பிறகுகூட உன்னிடம் சண்டை போட்டுக்கொள்வேன். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அவளைக் கேட்டு வந்திருக்கிறார்களே, அவர்கள் அந்த ஞாயிறு பூசைக்கு வந்திருந்தார்கள். வேப்பமரத்தடிக் கூட்டத்தில் அவர்களும் இருந்தார்கள். நேற்றுப் பையனின் அம்மா போன் செய்தார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். உங்க பையனுக்கு எடுத்தீங்களாமே, அதே பேப்பர் பொண்ணுக்கும் இருந்தா எங்களுக்கும் ஒரு திருப்திங்க என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயே வரவில்லை. இப்படி ஒரு பேப்பர் உலகத்தில் உண்டு என்று காட்டிக் கொடுத்தது நீதானே?

நான் முடியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் லில்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவள், பேனாவை மூடி வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டேன், சென்னைக்குப் போய் எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். டாக்டரம்மா சொன்னதை எடுத்துச் சொன்னேன். நல்லா இருக்கிறவர்களுக்கும் தென்படலாம் என்றேன். அதட்டினேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். அதற்கு அவள் சொன்னது இதுதான்.

"அண்ணன் எடுத்துட்டான்ப்பா. இனிமே நான் எடுக்கலன்னா, எனக்கு இருக்குது, அதான் மறைக்கிறோம்னு தானப்பா சொல்லுவாங்க?"

இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய், சொல். அவள் சொன்னது நியாயம். நீ எடுக்காமல் இருந்திருந்தால் அவளும் எடுக்க வேண்டியதில்லை, பெற்றவன் நோயாளி, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று அதோடு முடிந்திருக்கும். நீ உன் வாசலை மட்டும் கூட்டிவிட்டு குப்பையைத் தங்கை வாசலில் தள்ளியிருக்கிறாய். அவளுக்கும் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதே. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்தால் அதற்கும் எடுக்கச் சொல்வார்கள். நம் சொந்தத்தில் பெண் எடுக்க, கொடுக்க வருகிறவன் எல்லாம் கேட்பான். லில்லிக்கு அந்த ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்துவிட்டால்? நோயே இல்லாத பெண்ணை நோயாளி என்று உட்கார வைத்துவிட்டு நீ மறுவீட்டு விருந்து சாப்பிடுவாயா?

உன் அம்மா வுடுங்க வுடுங்க என்கிறாள். நல்லது நடக்கிற நேரத்தில் வம்பு வேண்டாம் என்கிறாள். நேற்று உன் மாமனார் பத்திரிகை விஷயமாக வீட்டுக்கு வருகிறார் என்றதும், பிரிட்ஜ் மேல் எப்போதும் இருக்கிற என் மாத்திரை அட்டையை எடுத்து அரிசி டிரம்முக்குள் வைத்தாள். எதுக்கு எடுத்த என்றேன். "அவுங்க கண்ணுல பட்டா நல்லா இருக்காதுங்க" என்றாள். இத்தனை வருடமாக அந்த அட்டை அங்கேயேதான் இருந்தது, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குக்கூட அது என்ன மாத்திரை என்று தெரியும். உன் பேப்பர் வந்த பிறகுதான் அவளுக்கு அது ஒளிக்க வேண்டிய பொருளாகத் தெரிந்திருக்கிறது. அரிசியைத் துழாவி மாத்திரை எடுத்துப் போட்ட அன்றுதான் நான் முதல்முதலாக நோயாளி ஆனேன்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். புதன்கிழமைக்குள் பஸ் ஏறி வடலூர் வா. மீட்டிங் கீட்டிங் என்று காது குத்தாதே. நேராக உன் மாமனாரின் கடைக்குப் போ. தனியாகக் கூப்பிட்டு உள்ளறையில் வைத்துக் கிசுகிசுக்க வேண்டாம், கடையில் நாலு பேர் நிற்கும்போது பேசு, அவர் போனைக் காட்டியதும் நாலு பேர் மத்தியில்தான். என் அப்பாவுக்கு வந்தது பிள்ளைகளுக்கு வராது, டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார், அது தெரிந்தும் உங்களுக்குப் பயந்து அந்த டெஸ்டை எடுத்தேன், அந்தப் பேப்பருக்கு ஒரு அர்த்தமும் இல்லை, அதை அழித்துவிடுங்கள், என் தங்கை எடுக்க மாட்டாள், எங்கள் வீட்டில் இனி யாரும் எடுக்க மாட்டார்கள் என்று சொல். மரியாதையாகவே சொல், அவர் கெட்ட மனுஷர் இல்லை, மகளைக் கட்டிக் கொடுக்கிற பயத்தில் இருக்கிறார். டாக்டரிடம் கேட்க வேண்டுமென்றால் நான் அடுத்த முறை போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கிருந்தே லில்லிக்குப் போன் போடு. உன் வாயால் அவள் கேட்டால்தான் வியாழக்கிழமை பஸ் ஏறாமல் இருப்பாள். நான் சொல்லி அவள் நிற்கவில்லை. நீ கடையில் சொல்லப்போவதைப் பிரின்சி உன்னிடமிருந்தே முதலில் தெரிந்துகொள்ளட்டும், அந்தப் பெண்ணிடம் ஒன்றையும் பூசி மெழுகாதே.

இதைக் கேட்டு அவர் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று கேட்பாய். சொல்ல மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். சொன்னால், ஐஸ் பெட்டியை மேலே வைக்க மாட்டேன் என்று கண்டக்டரிடம் சொன்ன பிள்ளைக்கு என்ன செய்வது என்று தெரியும். வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. தடை உண்டா என்று சாமியார் கேட்பார். நான் எழுந்து நிற்க மாட்டேன், உன் கல்யாணத்தை நிறுத்துகிற அப்பன் நான் இல்லை. ஆனால் என்னையே தடை என்று யாராவது நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தால், அந்த நினைப்பைத் துடைக்க வேண்டியவன் நீ.

என் மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். ஆரம்பத்தில் நீ வீட்டில் இருந்த நாட்களில், நான் இலையில் உட்கார்ந்ததுமே அந்த எவர்சில்வர் சொம்போடு வந்து நிற்பாய். உன் கல்யாணப் பந்தியிலும் நான் உட்காருவேன், உன் மாமனாருக்கு எதிர் இலையில். அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, எல்லாரும் பார்க்க உரித்து, வாயில் போடுவேன். நீ கடைக்குப் போய்ச் சொன்னாலும் போடுவேன், சொல்லாவிட்டாலும் போடுவேன். அப்போது என் டம்ளரில் தண்ணீர் ஊற்ற நீ வருகிறாயா, லில்லி வருகிறாளா என்பதைப் புதன்கிழமைக்குள் முடிவு செய்துகொள்.

அப்பா